எழுதிய மதிப்பு, ஓடும் மதிப்பு

அந்தப் பெரிய மருத்துவமனையில் சாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. செத்த பிறகு வெளியே போவதற்குத்தான் அனுமதி வேண்டும். அந்த அனுமதி ஒரு சீட்டாக வரும். விடுவிப்புச் சீட்டு என்று பெயர். கையால் எழுதினால் செல்லாது. சர்வர் என்கிற மையக் கம்ப்யூட்டர்தான் அச்சடித்துத் தர வேண்டும். கையால் எழுதிய சீட்டை நம்பி ஒரு குடும்பம் வேறொருவரின் தகப்பனாரைக் கொண்டுபோய் அழுது அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது.

அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவன் இருந்தான். ஒப்பந்த ஊழியன், முப்பத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டர் அறையிலேயே கிடந்ததால் டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருமே அவனை 'சிஸ்டம்' என்று கூப்பிட்டார்கள். சிஸ்டம் சாப்பிடப் போயிருக்கிறது, சிஸ்டத்துக்குக் காய்ச்சல் என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை, சிஸ்டத்தின் அக்கா புருஷன் அங்கே இதய வார்டில் இறந்துபோனார். லிஃப்ட் மெக்கானிக். முந்தைய நாள் சாயங்காலம்கூடக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு குலுக்கு குலுக்குகிறதே, எழுந்ததும் அதை ஒரு கை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழவில்லை.

சிஸ்டம் அக்காவைப் பிணவறைக்கு வெளியே இருந்த இரும்பு பெஞ்சில் உட்காரவைத்தான். இதோ சீட்டு வந்துவிடும், அத்தானை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாயிற்று. வண்டியும் வாசலில் வந்து நின்றது. வார்டு நர்ஸ் விவரங்களைத் தட்டிப் பொத்தானை அழுத்தினார். சீட்டு வரவில்லை. திறந்திருக்கும் கோப்புகள் வரம்பை மீறிவிட்டன என்று திரையில் ஒரு வரி வந்தது.

அது யூனிக்ஸ் எந்திரம். ஒரே சமயத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று அதன் மூளையான கெர்னலுக்குள் ஓர் உச்சவரம்பு உண்டு. அதுபோல இன்னும் பல வரம்புகள். அவற்றைக் கெர்னல் பாராமீட்டர் என்பார்கள். போன மாதம் புதுக் கட்டடம் திறந்து, திரைகள் இரண்டு மடங்கானதில் எந்திரத்துக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டம் தன் அறைக்கு ஓடி, வரம்பு எவ்வளவு என்று கேட்கும் ஒற்றை வரிக் கட்டளையை அடித்தான். ஓரிரு முறை மறுத்துவிட்டு எந்திரம் பதில் சொன்னது: எட்டாயிரம். எந்திரம் கண்விழிக்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தான். அதில் பத்து லட்சம் என்று அழகாக எழுதியிருந்தது.

விஷயம் புரிந்துவிட்டது. புதுக் கட்டடத்துக்காக யாரோ கோப்பில் புது மதிப்பை எழுதியிருக்கிறார்கள். எழுதியதை எந்திரத்திடம் சொல்லவில்லை. படி என்று ஒரு கட்டளை கொடுத்தால் படித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அணைத்துப் போட்டால் தானே படித்துக்கொள்ளும். ஆனால் மதிப்பை மாற்றும் கடவுச்சொல் சிஸ்டத்திடம் இல்லை. அது உட்கரு அளவுரு சரிபார்ப்பு இயக்ககத்திடம் இருந்தது.

இந்த இயக்ககத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எப்போதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒரு பாராமீட்டரைத் தப்பாக மாற்றிவிட, ஒரு பெரிய மனிதர் அரை நாள் காத்திருக்க நேர்ந்ததாம். அன்று பிறந்தது இயக்ககம். முதல் வேலையாகக் கெர்னலுக்கு உட்கரு என்றும் பாராமீட்டருக்கு அளவுரு என்றும் பெயர் மாற்றினார்கள். அதற்கே ஒரு வருடம் ஆயிற்று. பிறகு, எல்லா அரசு எந்திரங்களின் மதிப்புகளையும் இனித் தாங்களே சரிபார்ப்போம் என்றார்கள். அதற்கென்று இயக்குநர், துணை இயக்குநர், மதிப்பை உரக்க வாசிக்க ஒரு வாசிப்பாளர், வாசித்தது சரி என்று சொல்ல ஓர் எதிர்வாசிப்பாளர் என்று ஆட்களைப் போட்டார்கள். கோப்பில் எழுத ஒரு பிரிவு இருந்தது. எழுதியதை எந்திரத்தில் அமலாக்கும் பிரிவுக்கு மட்டும் இன்னும் பணியிடம் அனுமதிக்கப்படவில்லை.

சிஸ்டம் இயக்ககத்துக்குப் போன் செய்து, ஓடுகிற மதிப்பு எட்டாயிரம்தான் இருக்கிறது, ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும் என்றான். எதிர்முனையில் போன் இரண்டு மூன்று கை மாறியது. பிறகு துணை இயக்குநரின் குரல் கேட்டது. மதிப்பை யார் பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்றான் சிஸ்டம். எந்த அதிகாரத்தில் என்று கேட்டார். அதைப் பார்க்க அதிகாரம் வேண்டாம், யார் கேட்டாலும் எந்திரம் சொல்லும் என்றான். எந்திரம் சொல்லும் என்பதற்காகக் கேட்டுவிடலாமா, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பீர்களா என்று துணை இயக்குநர் வருத்தப்பட்டார். பிறகு, அனுமதியற்ற பார்வை நடந்திருப்பதால் இயக்குநரே நேரில் வருவார் என்றார்.

அன்று முழுக்க சிஸ்டம் புதுக் கட்டடத்துக்கும் பழைய கட்டடத்துக்கும் நடையாய் நடந்தான். வேண்டாத திரைகளை மூடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினான். ஒருவர் மூடினால் இன்னொருவர் திறந்தார். செத்தவர்களுக்குத்தான் சீட்டு வரவில்லை என்றில்லை, பிழைத்தவர்களுக்கும் வரவில்லை. குடல்வால் அறுவை முடிந்து குணமான ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க வந்தவர்கள் பக்கத்துக் கட்டிலில் இருமிக்கொண்டிருந்தவரின் மருந்து வாசனையையும் சேர்த்து முகர்ந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் வாத்தியாரும் இரும ஆரம்பித்தார்.

வண்டிக்காரர் சாயங்காலம் வரை இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அன்று வீட்டுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் வந்தார். கூடவே அவருடைய ஆட்கள், ஒரு புகைப்படக்காரர், ஒரு மைக். கம்ப்யூட்டர் அறையில் இத்தனை பேர் நிற்க இடமில்லை என்பதால் பெரிய திரையைக் கீழ்த்தள நடையில் வைத்தார்கள். பிணவறை இருந்த நடை அது. விருந்தினர்கள் உட்கார பெஞ்ச் வேண்டும் என்று சொல்லி அக்காவை எழுப்பினார்கள். அவள் எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டாள். ஏதோ மந்திரி வருகிறார் போல என்று நினைத்தாளாம்.

எல்லோரும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார்கள். எந்திரத்தை யாரும் தொடப்போவதில்லை. அது மாடியில் இருந்தது. ஆனாலும் மாட்டிக்கொண்டார்கள். துணை இயக்குநர் அமைப்புக் கோப்பைத் திரையில் திறந்தார். வாசிப்பாளர் மைக்கின் முன் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்று என்றார். ஆம், ஒன்று என்றார் எதிர்வாசிப்பாளர். பூஜ்யம். ஆம், பூஜ்யம். நான்காவது பூஜ்யத்தில் பிணவறைக் கதவு திறந்து ஒரு வாடை வந்தது. வாசிப்பாளருக்கு இருமல் வந்துவிட்டது. இடையில் இருமினால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்பது விதி. மறுபடியும் ஒன்று, ஆம் ஒன்று. இந்த முறை இருவருக்கும் பூஜ்யங்களின் எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு வந்தது. தேநீர் இடைவேளை விட்டார்கள். மூன்றாம் வாசிப்பில் மதிப்பு பத்து லட்சம் என்பது ஐயமற உறுதியாயிற்று. கை தட்டினார்கள். கையுறை போட்டிருந்ததால் சத்தம் பஞ்சை அடித்ததுபோல வந்தது.

சிஸ்டம் முன்னால் வந்து, சார், இது கோப்பில் எழுதியிருப்பது, எந்திரத்துக்குள் ஓடுவது வேறு, ஒரே ஒரு வரி அடித்தால் இங்கேயே தெரிந்துவிடும் என்றான். இயக்குநர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளில்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகப் பேசினார்.

"தம்பி, எழுதின மதிப்பு நல்ல மதிப்பு. நேத்து பார்த்தாலும் அதுதான், நாளைக்குப் பார்த்தாலும் அதுதான். நம்பிக் கையெழுத்துப் போடலாம். ஓடுற மதிப்பு அப்படியில்ல. அது ஓடுது. ஓடுறதுக்குப் பின்னால நாம ஓட முடியுமா? நான் இந்த நாற்காலியில உட்கார்ந்து இத்தனை வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு எந்திரத்துலகூட ஓடுற மதிப்பை நான் பார்த்ததில்ல. அதனாலதான் இதுவரைக்கும் எங்க இயக்ககத்துல ஒரு தப்புகூட நடந்ததில்ல."

இதற்கும் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு துணை இயக்குநர் சிஸ்டத்தை மாடிப்படிக்குக் கீழே தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? வர்ற வழியிலயே நான் பார்த்துட்டேன், எட்டாயிரம்தான். வாசிப்பாளருக்கும் தெரியும். டைரக்டருக்கும் தெரியும்."

"அப்போ அந்த ஒரு வரியை அடிச்சிடுங்க சார். பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கு. உள்ள கிடக்கிறது எங்க அத்தான்."

"எனக்கும் மனசு இருக்கு தம்பி. ஆனா இன்னைக்கு நான் அதைச் சரிபண்ணினா, இத்தனை நாளா அது சரியில்லன்னு ஆயிடும். போன மாசம்தான் சரியா இருக்குன்னு சான்றிதழ் குடுத்திருக்கோம். என் கையெழுத்து அதுல இருக்கு."

சிஸ்டம் அப்படியானால் எந்திரத்தையாவது ஒருமுறை அணைத்துப் போடலாமா என்று கேட்டான். துணை இயக்குநர் பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். அணைக்காமல் நீண்ட காலம் ஓடிய எந்திரம் என்று அதற்கு விருது வாங்கியிருக்கிறார்களாம். அணைத்தால் விருதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

இயக்ககத்தின் புதுச் சான்றிதழ் மத்தியானமே மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போயிற்று. கண்காணிப்பாளர் டாக்டராக இருந்து நிர்வாகியானவர். சான்றிதழைப் படித்ததும் அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மதிப்பு சரியாக இருக்கிறது. ஆகவே எந்திரம் வேலை செய்கிறது. எந்திரம் வேலை செய்கிறது. ஆகவே சீட்டுகள் வந்திருக்கும். சீட்டுகள் வந்திருந்தால் ஆட்கள் போயிருப்பார்கள். நேற்றிலிருந்து நிலுவையில் இருந்த எல்லோரும், உயிருள்ளவர் உயிரற்றவர் என்ற பேதமில்லாமல், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியேறியதாகக் கருதப்படுவார்கள் என்று உத்தரவு போட்டார்.

உத்தரவு நல்லபடியாக அமலுக்கு வந்தது. வெளியேறியதாகக் கருதப்பட்ட வாத்தியாரின் கட்டிலுக்கு வேறொருவர் வந்து படுத்தார். வாத்தியாருக்குச் சாப்பாடு நின்றுபோயிற்று. இல்லாத ஆளுக்கு எப்படிச் சாப்பாடு போடுவது என்று கேட்டார்கள். அவர் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டபடி, புது நோயாளியிடம் கொஞ்சம் தள்ளிப் படுக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிணவறையும் காலியாகிவிட்டது. அதாவது, உத்தரவில். காலி அறைக்கு எதற்குக் குளிர்சாதனம் என்று மின்சாரப் பிரிவு சாயங்காலமே இணைப்பை நிறுத்தியது. சிக்கனத்துக்காக அந்தப் பிரிவை அடுத்த கூட்டத்தில் பாராட்டினார்கள்.

சனிக்கிழமை காலை பிணவறைக்காரர் மாடிக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் அந்த அறையிலேயே கழித்தவர். மூக்கு செத்துப்போய்விட்டது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். எனக்கே தாங்கவில்லை தம்பி, தரையில் தண்ணீர் ஓடுகிறது, அது தண்ணீர் இல்லை என்றார். சீட்டு இல்லாமல் உன் அத்தானை மட்டும் கொடுத்துவிடலாம் என்றுதான் பார்க்கிறேன், ஆனால் இந்த நிலைமையில் யார் யாரென்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியாது, காலில் கட்டிய நம்பர் சீட்டை எந்திரத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் உண்டு என்றார்.

சிஸ்டம் அக்காவைக் கூட்டிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனான். கண்காணிப்பாளர் எழுந்து நின்று, அக்காவுக்கு நாற்காலியைக் காட்டி, ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். கணவரை நேற்றே பெற்றுக்கொண்டிருக்கிறீர்களே, அடக்கமெல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்தார். அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ, நடந்தது மறந்துவிட்டதோ என்று அந்த ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு, என் வீட்டுக்காரர் கீழேதான் இருக்கிறார், வாடை இங்கே வரைக்கும் வருகிறது என்றாள். கண்காணிப்பாளர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிஸ்டம் கம்ப்யூட்டர் அறைக்குள் போய், கண்ணாடிச் சட்டம் போட்ட விருதைச் சுவரிலிருந்து கழற்றிக் கீழே வைத்தான். அதற்குப் பின்னால்தான் மின்சாரப் பலகை இருந்தது. எந்திரத்தின் முதுகிலிருந்து இரண்டு மின்கம்பிகள் அதற்கு வந்தன. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும்படி ஏற்பாடு. இரண்டையும் பிடுங்கினான்.

இத்தனை வருடமாக அந்த அறையில் ஒரு இரைச்சல் இருந்ததே, அது நின்றது. கட்டடம் முழுவதும் திரைகள் அணைந்து, நடைகளில் ஆட்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துக் கம்பிகளைச் செருகினான். எந்திரம் கண்விழித்தது, கோப்பைப் படித்தது. வரம்பு எவ்வளவு என்று அவன் கேட்டான். பத்து லட்சம் என்றது. நர்ஸ்கள் வார்டுகளில் மறுபடியும் விவரங்களைத் தட்ட, கீழே அச்சு எந்திரம் விக்கி விக்கிச் சீட்டுகளைத் துப்பிக்கொண்டேயிருந்தது. வாத்தியார் தன் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, காய்ச்சலோடு படிகளில் இறங்கி ஓடினார்.

பிணவறைக்காரர் நம்பரை ஒத்துப் பார்த்து, அத்தானை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். திறக்க வேண்டாம் என்று சிஸ்டத்திடம் தனியாகச் சொன்னார். அவன் சொல்லியும் அக்கா கேட்கவில்லை. ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கட்டை அவிழ்த்தாள். சிஸ்டம் சுவரைப் பார்த்து நின்றான். அவள் கத்தவில்லை. கட்டிவிடுங்கள் என்றாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் வண்டிக்கு நாலடி தள்ளியே நடந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. நேரே அடக்கம்தான்.

அடுத்த வாரம் இயக்ககத்தில் விசாரணை வைத்தார்கள். நீள மேஜை, குளிரூட்டிய அறை, ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை. அனுமதியற்ற பார்வை, விருது பெற்ற ஓட்டத்தைக் கலைத்தது என்று சிஸ்டத்தின் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். இயக்குநர் இந்த முறையும் கோபப்படவில்லை.

"இப்போ எந்திரத்துல ஓடுற மதிப்பு எவ்வளவு தம்பி? பத்து லட்சம். நாங்க சான்றிதழ் குடுத்தது எவ்வளவுக்கு? பத்து லட்சம். அப்போ எங்க மேல என்ன தப்பு? எந்திரம் கொஞ்சம் தாமதமா எங்க சொல்லைக் கேட்டிருக்கு, அவ்வளவுதான்."

துணை இயக்குநர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சிஸ்டம் அவரையே பார்த்தான். அவர் நிமிரவில்லை. வேலை போயிற்று என்று அறிவித்தார்கள். அது அவன் எதிர்பார்த்ததுதான். ஆனால் கூட்டம் அதோடு முடியவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த அக்காவை உள்ளே அழைத்தார்கள். அவளை வரச் சொன்னதே அதற்குத்தான்.

இயக்குநர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். உடலை வெள்ளிக்கிழமை பகல் பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருந்தது. உத்தரவும் உண்மையும் ஒன்றாக இருந்தால்தான் எல்லோருக்கும் நல்லது, ஒரு கையெழுத்துதானே என்றார். பேனாவையும் திறந்து கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டு காகிதத்தை ஒருமுறை படித்தாள்.

"வெள்ளிக்கிழமை குடுத்திருந்தா அவருக்கு முகம் இருந்திருக்கும்" என்றாள். "நீங்க எனக்குக் குடுத்ததுல முகம் இல்ல."

இயக்குநர் தலையை அசைத்து வருத்தப்பட்டார். அதெல்லாம் காகிதத்தில் வராது என்று மென்மையாகச் சொன்னார்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா, அது வெள்ளிக்கிழமைன்னு ஆயிடுமா சார்?"

"ஆயிடும்மா. அதுக்கப்புறம் யாரும் உங்களை ஒரு கேள்வி கேக்க முடியாது."

"அப்படின்னா அவர் செத்துட்டாருன்னு எழுதியிருக்கீங்களே, அதையும் மாத்தி எழுதிக் குடுங்க. ரெண்டுலயும் சேர்த்துக் கையெழுத்துப் போடுறேன்."

இயக்குநர் அவள் கேட்டதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். துணை இயக்குநரின் பக்கம் சாய்ந்து மெல்ல ஏதோ கேட்டார். அவரும் மெல்ல ஏதோ சொன்னார்.

"அது எங்க இயக்ககத்துக்குக் கீழ வராதும்மா" என்றார் இயக்குநர். "அதுக்கு வேற துறை."

அக்கா பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். அங்கே வந்ததும் சிஸ்டத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சாக்கடை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான். நிறுத்தத்தில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்கள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிட்டே வந்து, ஒரு கையால் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"எடுத்துருடா" என்றாள். "உள்ள வச்சுக்காத. எல்லாத்தையும் எடுத்துரு."